பூட்டிய காரும் பசித்த கரடியும்

உணவைப் பாதுகாத்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவன எறும்பும் எலியும் பூனையுமே ஆகும். நம் முன்னோர் வீட்டு உத்தரத்தில் உறி கட்டியதும், மூடியிட்ட அடுக்குப் பானைகளில் பண்டங்களை வைத்ததும், தானியத்தைக் குதிரில் இட்டதும் இவற்றின் பொருட்டே. சிற்றுயிர்களிடமிருந்து உணவைக் காக்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. ஆனால், நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கரடியிடமிருந்து, அதுவும் நாற்புறமும் பூட்டிய காருக்குள் இருக்கும் உணவைக் காக்க வேண்டும் என்றால் நமக்கு வியப்பே மேலிடும். அமெரிக்க நாட்டின் மேற்கு மலைகளில் நடைப்பயணம் மேற்கொள்வோர் யாவரும் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

இப்பாடம் நமக்கு எதற்கு என வினவலாம். இன்று நம் ஊர்களிலிருந்து சென்று கலிபோர்னியா மாநிலத்தில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் இளைஞர் பலர் ஆவர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் பலர். விடுமுறை நாளில் குடும்பத்துடன் மலைப்பூங்காவுக்குப் புறப்படும்போது முறுக்கும் ஊறுகாயும் புளிச்சோறும் பிரியாணியும் உடன் செல்லாமல் இரா. இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவருள் சிலரும் நாளை அவ்வழியே செல்லக்கூடும். எனவே இச்செய்தியை நாம் அறிந்திருத்தல் நன்று. அன்றியும், இஃது உணவைக் காக்கும் செய்தி மட்டுமன்று. கரடியின் உயிரைக் காக்கும் செய்தியுமாகும். பின்னதே முதன்மையானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிகள் நிற்கும் இடம்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டி நீண்டு கிடப்பது சியரா நெவாடா மலைத்தொடர். அதன் நடுப்பகுதியில் 1890ஆம் ஆண்டு நிறுவப்பட்ட யோசெமிட்டி தேசியப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்காவில் முந்நூறு முதல் ஐந்நூறு கருங்கரடிகள் வரை வாழ்வதாகப் பூங்கா நிருவாகத்தினர் கணிக்கின்றனர்.

இப்பூங்காவில் மலைநடைப் பாதைகள் தொடங்கும் இடந்தோறும் வண்டி நிறுத்துமிடம் ஒன்று இருக்கும். நடைப்பயணிகள் தம் காரை அங்கு நிறுத்திவிட்டு முதுகுப்பையுடன் மலையேறுவர். சிலர் மாலைக்குள் திரும்புவர். 'அரைக் குவிமாடம்' எனப் பொருள்படும் ஹாஃப் டோம் என்னும் பாறை முகட்டுக்குச் செல்வோர் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின்னரே திரும்புவதும் உண்டு. இன்னும் சிலர், அதே பள்ளத்தாக்கில் தொடங்கித் தெற்கே 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலைமுகட்டில் முடியும் ஜான் மியூர் நெடுவழியில் மூன்று வாரங்கள் நடப்பர். அத்தனை நாளும் அவர்தம் கார் மரங்களின் அடியில் ஆளரவமற்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதுவே சிக்கலின் ஊற்றுக்கண் ஆகும். ஊருக்குள் நிற்கும் வண்டிக்குக் காவல் உண்டு, ஓசை உண்டு, ஒளி உண்டு. மலையடியில் நிற்கும் வண்டிக்கு அவை எவையும் இல்லை. உரியவரோ பல மைல்களுக்கு அப்பால் இருப்பார். உள்ளே உணவு இருந்தால், அதைத் தேடி வரும் கரடிக்கு இரவு முழுதும் நேரம் இருக்கிறது.

கரடியின் மூக்கும் பசியும்

ஈண்டுக் குறிக்கப்படும் கரடி அமெரிக்கக் கருங்கரடி ஆகும். பெயர் கருங்கரடி எனினும் சியரா மலைகளில் வாழ்வனவற்றுள் பல பழுப்பும் செம்பழுப்பும் பொன்னிறமும் கொண்டவை. கலிபோர்னியாவின் கொடியில் பொறிக்கப்பட்டிருப்பது இவ்வினமன்று. கிரிஸ்லி எனப்படும் பெருங்கரடி. அஃது 1920களிலேயே அம்மாநிலத்தில் அற்றுப்போயிற்று. கொடியில் மட்டும் எஞ்சி நிற்கும் அவ்விலங்கு, காப்பாற்றத் தவறிய உயிருக்கு ஒரு நினைவுச் சின்னம் எனலாம்.

கருங்கரடி பெரும்பாலும் மரக்கறி உண்பது. இளவேனிலில் புல், கோடையில் காட்டுப் பழங்களும் எறும்புகளும் புழுக்களும், இலையுதிர் காலத்தில் ஓக் மரக்கொட்டைகள், இவையே அதன் இயற்கை உணவு. பனிக்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்க வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் உடலில் கொழுப்பைச் சேர்க்க அது வெகுவாகப் பாடுபடும். அப்பருவத்தில் நாளொன்றுக்கு இருபது மணி நேரம் வரையும் இரை தேடும். இருபதாயிரம் கலோரி வரையும் உண்ணும். ஒரு மனிதனின் அன்றாடத் தேவையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு இது.

இத்தகைய உயிருக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு பை நிறைய நிலக்கடலையும் ரொட்டியும் தரும் ஆற்றலைக் காட்டில் எறும்புப் புற்றும் சிறு பழமும் தேடிப் பெறுவதற்கு அது பல மணி நேரம் உழைக்க வேண்டும். காரின் கதவை வளைக்கவோ சில நிமிடங்களே போதும். கரடியின் மோப்ப ஆற்றல் மிக நுண்மையானது. பூட்டிய காருக்குள், மூடிய பெட்டிக்குள், உறையிட்ட பண்டத்தின் மணத்தையும் அது அறியும். நாம் 'மூடி வைத்திருக்கிறோம்' என்று எண்ணுவது நம் மூக்கை அளவுகோலாகக் கொண்டே அன்றி அதன் மூக்கைக் கொண்டன்று.

மூக்கு மட்டுமா? அதன் கண்ணும் நினைவும் கூர்மையானவை. பனிக்கட்டியிட்டு உணவு வைக்கும் ஐஸ் பெட்டியின் உருவத்தை ஒருமுறை அறிந்துகொண்ட கரடி, மறுமுறை அதே உருவத்தைக் காரின் இருக்கையில் கண்டால், பெட்டி வெறுமையாக இருப்பினும் கண்ணாடியை உடைத்து உட்புகும். இக்காரணத்தினாலேயே வெற்றுப் பெட்டியையும் காரில் வைக்கலாகாது என்பது யோசெமிட்டியின் விதியாயிற்று.

கதவு திறக்கும் விதம்

கரடி காரைத் திறக்கும் முறை அறியத்தக்கது. முதலில் அது கதவின் கைப்பிடியை முயலும். பூட்டாத கதவு எனில் வாயாலோ நகத்தாலோ இழுத்துத் திறந்துவிடும். பூட்டிய கதவு எனில், கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் மேல் விளிம்பில் நகங்களைச் செருகி, தன் உடல் எடை முழுவதையும் கொடுத்துக் கீழ்நோக்கி வளைக்கும். சட்டம் மடங்கும், கண்ணாடி நொறுங்கும். சாளரம் சிறிது திறந்திருந்தால் வேலை இன்னும் எளிது.

உள்ளே புகுந்தபின் பின்னிருக்கையைக் கிழித்துப் பிய்த்து அதன் வழியே டிக்கிக்குள் செல்லும். 'டிக்கியில் பத்திரமாக வைத்துவிட்டோம்' என்னும் நம்பிக்கை இவ்வாறே பொய்க்கிறது. சில வேளைகளில் கரடி நுழைந்தபின் கதவு தானே சாத்திக்கொள்ளும். சிறைப்பட்ட கரடி வெளியேறும் வழி அறியாது இருக்கை, கூரைத் துணி, கதவின் உட்புறம் யாவற்றையும் கிழித்தெறியும். ஒரு பொட்டலம் தின்பண்டத்துக்கு ஒரு காரே விலையாகிவிடும்.

மனிதர் கற்பித்த பழக்கம்

கரடி இயல்பிலேயே கார் உடைக்கும் விலங்கா எனின், அன்று. அப்பழக்கத்தை அதற்குக் கற்பித்தவர் மனிதரே என்பதற்கு யோசெமிட்டியின் வரலாறே சான்று.

1920களில் அப்பூங்காவில் கரடிகளுக்கு உணவளிப்பது ஒரு கேளிக்கையாக நடத்தப்பட்டது. விடுதிகளின் எச்சில் உணவைக் குறித்த இடத்தில் கொட்டி, இரவில் விளக்கொளி பாய்ச்சி, உண்ண வரும் கரடிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாக்கினர். சாலையோரத்தில் காரை நிறுத்திக் கையாலேயே ஊட்டியவரும் உளர். 1940இல் அக்காட்சிகள் நிறுத்தப்பட்டன. எனினும் திறந்த குப்பைமேடுகள் தொடர்ந்து இருந்தன. அவற்றில் இறுதியானது 1971இல் மூடப்பட்டது.

குப்பைமேட்டை மூடிவிடலாம், கரடியின் நினைவை மூட இயலுமா? அரை நூற்றாண்டுக் காலம் மனித உணவில் பழகிய கரடிகள் கூடாரங்களையும் வண்டி நிறுத்துமிடங்களையும் நாடின. தாய் செய்வதைக் குட்டி கண்டது. கருங்கரடிக் குட்டி ஒன்றரை ஆண்டு அளவு தாயுடன் திரிந்து எதை உண்பது, எங்கே தேடுவது என்பதைக் கற்கிறது. யோசெமிட்டியிலும் செக்கோயா பூங்காவிலும் நிகழ்த்தப்பெற்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காட்டுணவு தேடும் தாயின் குட்டிகள் காட்டுணவையே தேடின எனவும், மனிதர் உணவை நாடும் தாயின் குட்டிகள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன எனவும் எடுத்துரைத்தது. இவ்வாறு ஒரு தலைமுறையின் தவறு மறு தலைமுறைக்குக் கல்வியாயிற்று.

எண்கள் சொல்லும் செய்தி

இதன் உச்சம் 1998ஆம் ஆண்டு. அவ்வோராண்டில் யோசெமிட்டியில் கரடிகளால் நேர்ந்த நிகழ்வுகள் 1,584 எனப் பதிவாயின. உடைக்கப்பட்ட வண்டிகள் மட்டும் ஆயிரத்தைக் கடந்தன. பொருளிழப்பு ஆறரை இலட்சம் டாலருக்கும் மேல். இதன் பின்னர் விழித்துக்கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம், 1999 முதல் ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் டாலரை இப்பணிக்கென ஒதுக்கியது. இரும்பு உணவுப் பெட்டிகள் நிறுவப்பட்டன. இரவில் காவலர்கள் கைவிளக்குடன் வண்டி நிறுத்துமிடங்களைச் சுற்றிவந்து உணவுள்ள கார்களைக் கண்டறிந்தனர். வருவோர் அனைவருக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் நிகழ்வுகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

எவ்வகை வண்டியைக் கரடி மிகுதியும் நாடுகிறது என்பதையும் ஆய்வாளர் ஆராய்ந்தனர். 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட 908 வண்டிகளில் முதலிடம் பெற்றது மினிவேன். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. அங்கு வந்து நின்ற வண்டிகளுள் மினிவேனின் பங்கோ மிகச் சிறிது. 2009இல் வெளியான அவ்வாய்வு இதற்குச் சில விளக்கங்களை முன்வைத்தது. மினிவேன் குழந்தைகள் உள்ள குடும்பத்தின் வண்டி. குழந்தைகள் சிந்திய பாலும் பழச்சாறும் இருக்கையிடுக்கில் உதிர்ந்த துணுக்குகளும் அதில் நிலைத்த மணத்தை உண்டாக்குகின்றன என்பது ஒன்று. குடும்பமாக வருவோர் மிகுந்த உணவைக் கொண்டுவருகின்றனர் என்பது மற்றொன்று. அவ்வண்டியின் அமைப்பு உடைப்பதற்கு எளிதாயிருக்கலாம் என்பது பிறிதொன்று. சில கரடிகள் அவ்வகை வண்டியை உடைப்பதில் தனித் தேர்ச்சி பெற்றுவிட்டன என்பது இன்னொன்று. குடும்பத்துடன் செல்லும் நம்மவர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருவது. கரடியின் மயிரிலும் எலும்பிலும் உள்ள வேதிக்கூறுகளைக் கொண்டு அது எத்தகைய உணவை உண்டது என அறிய முடியும். அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பழைய மாதிரிகளையும் புதிய மாதிரிகளையும் ஒப்பிட்டு, 2014இல் ஒரு நூற்றாண்டுக் கணக்கை ஆய்வாளர் வெளியிட்டனர். மனிதர் உணவை நாடிய யோசெமிட்டிக் கரடிகளின் உணவில், 1915ஐ அடுத்த சில ஆண்டுகளில் மனித உணவின் பங்கு 13 விழுக்காடு. 1975க்கும் 1985க்கும் இடையில் அது 35 விழுக்காடாக உயர்ந்தது. 1999க்குப் பின் மீண்டும் 13 விழுக்காட்டுக்கே இறங்கியது. அஃதாவது, பெட்டியின் கதவை ஒழுங்காகச் சாத்தும் எளிய செயல், ஒரு நூற்றாண்டின் பிழையை எட்டே ஆண்டுகளில் பெரிதும் திருத்திற்று. நாம் கற்பித்த தீய பழக்கத்தை நாமே மறக்கச் செய்யவும் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

உணவு என்பது யாது?

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் தெளிய வேண்டியது, 'உணவு' என்னும் சொல்லுக்கு இங்குள்ள பொருள். மனிதர் உண்பது மட்டும் உணவன்று. மணமுள்ள யாவும் கரடிக்கு உணவே. சமைத்த சோறும் பழமும் தின்பண்டமும் இதில் அடங்கும் என்பது வெளிப்படை. ஆனால் முத்திரை பிரிக்காத தகரக் குவளையும், திறக்காத பானப் புட்டியும், தண்ணீர் தவிர்ந்த பிற பருகுபொருள்களும் அடங்கும் என்பதைப் பலர் அறியார். பற்பசை, சோப்பு, வெயில் காப்புப் பசை, முகப்பூச்சு, தலைக்கு இடும் தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம், அத்தர், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், வாயில் மெல்லும் மிட்டாய், குப்பைப் பை ஆகிய யாவும் இவ்வகையினவே.

குழந்தையின் இருக்கையைத் தனியே நோக்க வேண்டும். அதன் மடிப்புகளில் உதிர்ந்த பிஸ்கட் துணுக்குகளே கரடியை அழைக்கப் போதுமானவை. புறப்படுமுன் காரைக் கூட்டித் துடைத்துத் தூய்மை செய்தல், மலைநடைக்குக் காலணி தேர்வதைப் போன்ற இன்றியமையாத ஆயத்தமாகும்.

செய்யத்தக்கன

யோசெமிட்டியின் விதி இவ்வாறு அமைந்துள்ளது. பகற்பொழுதில் காருக்குள் உணவு வைக்கலாம். ஆனால் சாளரங்கள் முழுதும் மூடியிருக்க வேண்டும். உணவு வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணில் படலாகாது. இருட்டிய பின்னர் காரில் உணவு இருத்தல் கூடவே கூடாது. விதியை மீறினால் 5,000 டாலர் வரை தண்டம் விதிக்கலாம்; உணவையோ காரையோ கைப்பற்றவும் செய்யலாம். இருட்டுமுன் திரும்பிவிடுவோம் என்னும் நம்பிக்கையில் உணவைக் காரில் விட்டுச் செல்வோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். மலையில் கால் பிசகும்; வழி தவறும்; களைப்பு மிகும். ஆதலின் நேரத்தைக் கணக்கிட்டு இடர்ப்படாமல், நடை தொடங்குமுன்பே உணவை அகற்றிவிடுதல் அறிவுடைமை.

அதற்கென முதன்மையான நடைப்பாதைகளின் தொடக்கத்தில் இரும்புப் பெட்டிகள் நிறுவப்பட்டுள்ளன. தடித்த தகட்டால் ஆகிய இப்பெட்டியின் தாழ் ஒரு குழிக்குள் மறைந்திருக்கும். மனிதன் விரல்களை உள்ளே நுழைத்து அதைத் தூக்கித் திறக்கலாம். கரடியின் பருத்த கால் அதில் நுழையாது. பூட்டும் திறவுகோலும் இன்றி, கையின் அமைப்பையே திறவுகோலாக்கிய எளிய நுட்பம் இது. இப்பெட்டியைப் பயன்படுத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டியன சில:

1. பெட்டி பொதுவுடைமை. பிறரும் வைப்பர். எனவே தம் பையின்மீது பெயரும் திரும்பும் நாளும் எழுதி வைத்தல் வேண்டும். தனிப் பூட்டுப் போடுதல் முறையன்று.

2. பொருளை வைத்ததும் எடுத்ததும் கதவைச் சாத்தித் தாழிட வேண்டும். 'இதோ வந்துவிடுகிறேன்' என்று திறந்துவிட்டுச் செல்லும் இரண்டு நிமிடமே கரடிக்குப் போதும்.

3. திரும்பியதும் தம் பொருள் முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும். மிஞ்சியதைப் 'பிறர்க்கு உதவும்' என்று விட்டுச் செல்வது உதவியன்று. அடுத்து வருவோரின் இடத்தை அடைப்பதாகும்.

4. பெட்டியில் இடமில்லையெனில் உணவைப் பெட்டியின் அருகே தரையில் வைத்துச் செல்லலாகாது. காவலரை அணுகி வேறு இடம் அறிதல் வேண்டும்.

5. தேவைக்கு மேல் கொண்டுசெல்லாதிருத்தல் எல்லாவற்றினும் சிறந்தது. பெட்டி உள்ளதா என்று முன்னரே கேட்டறிந்து, இல்லையெனில் மிகுதியை விடுதி அறையிலேயே விட்டு, அன்றைய நடைக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துச் செல்லலாம்.

மலையிலேயே இரவு தங்குவோர்க்கு வேறொரு கலம் உண்டு. கெட்டியான நெகிழியால் ஆன உருளை வடிவக் கலம் அது; எடை ஏறத்தாழ ஒரு கிலோ. வழவழப்பான அதன் உடலில் கரடியின் பல்லோ நகமோ பற்றுவதற்கு இடமிராது. மூடியை ஒரு நாணயத்தைக் கொண்டு திருகித் திறக்கலாம். முன்னாளில் உணவுப் பையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுவர். நம் உறியை ஒத்த முறை. யோசெமிட்டிக் கரடிகள் கயிற்றைக் கடிக்கவும் கிளையை ஒடிக்கவும் கற்றுக்கொண்டமையால் அங்கு அம்முறை இன்று ஏற்கப்படுவதில்லை. இக்கலத்தையே உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது கட்டாயம்.

நடை முடிந்து வரும்போது காரின் அருகில் கரடி நிற்கக் கண்டால் நெருங்கலாகாது. ஐம்பது கசம், அஃதாவது 45 மீட்டருக்குக் குறையாத தொலைவு விடவேண்டும் என்பது பூங்காவின் நெறி. காருக்குள்ளேயே கரடி சிறைப்பட்டிருந்தால் நாமே கதவைத் திறக்க முற்படாமல் காவலர்க்குத் தெரிவிப்பதே தக்கது.

இடத்துக்கு இடம் வேறுபடும் விதி

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கருங்கரடியும் உண்டு. அதனினும் பெரிய கிரிஸ்லியும் உண்டு. ஆயினும் அங்குப் பூட்டிய காருக்குள் உணவை வைத்தல் ஏற்புடைய முறையே. யோசெமிட்டியிலோ அதுவே குற்றம். வலிமை மிக்க கரடி உள்ள இடத்தில் விதி தளர்ந்தும், வலிமை குறைந்த கரடி உள்ள இடத்தில் விதி இறுகியும் இருப்பது முரணாகத் தோன்றலாம். காரணம் வலிமையன்று, பழக்கம். கார் என்பது உணவுக் கலம் என ஓரிடத்துக் கரடி கற்றுவிட்டது. மற்றோரிடத்துக் கரடி அவ்வளவாகக் கற்கவில்லை. எனவே, ஒரு பூங்காவில் பெற்ற அனுபவத்தை மற்றொரு பூங்காவுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. வண்டி நிறுத்துமிடத்தில் நடப்பட்டிருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்து அதன்படி நடத்தலே நலம் பயக்கும்.

யார் தரும் விலை?

இதுவரை கூறியவற்றால் இழப்பு காருக்கே என்று எண்ணலாம். கண்ணாடி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். காப்பீட்டுத் தொகையும் கிடைக்கலாம். ஆனால் உண்மையான விலையைத் தருவது கரடியே.

மனித உணவில் சுவை கண்ட கரடி மெல்ல மெல்ல மனிதரைக் கண்டு அஞ்சும் இயல்பை இழக்கிறது. இரவில் வந்தது பகலில் வரும். ஆளில்லாக் காரை உடைத்தது ஆளுள்ள கூடாரத்தை நெருங்கும். காவலர் முதலில் ஓசையெழுப்பியும் இரப்பர்க் குண்டு எறிந்தும் விரட்டுவர். வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டாலும் பயன் குறைவு. நெடுந்தொலைவு நடந்து பழைய இடத்துக்கே மீளும், அல்லது புதிய இடத்தில் அதே செயலைத் தொடரும். இறுதியில், மனிதருக்குத் தீங்கு நேரும் எனக் கருதப்படும் கரடி கொல்லப்படுகிறது. 'உணவூட்டப்பட்ட கரடி இறந்த கரடி' என அந்நாட்டில் வழங்கும் முதுமொழி இதனையே குறிக்கிறது.

இக்கடுமைக்கும் காரணம் இல்லாமலில்லை. யோசெமிட்டியில் கரடியால் எவரும் கொல்லப்பட்டதில்லை என்பது உண்மை. ஆனால் கலிபோர்னியாவின் மற்றொரு மலையூரில் 2023இல் வீட்டுக்குள் புகுந்த கருங்கரடியால் ஒரு பெண்மணி உயிரிழந்தார். கருங்கரடியால் நேர்ந்த இறப்பு என அம்மாநிலத்தில் உறுதி செய்யப்பட்ட முதல் நிகழ்வு அதுவே. எனவே மக்களைக் காக்கும் பொறுப்புடையோர் அஞ்சுவதில் தவறில்லை.

தாகோ ஏரிப் பகுதியில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைவு கூரலாம். 2022இல் அங்குப் பல வீடுகளை உடைத்து உணவுண்ட பெருங்கரடி ஒன்றைப் பற்றி நாடே பேசிற்று. மரபணுவைச் சோதித்தபோது, ஒன்றன்மேல் ஏற்றப்பட்ட பழி ஒன்றுக்கு மேற்பட்ட கரடிகளுக்கு உரியது எனத் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் அவற்றுள் ஒரு தாய்க்கரடி மூன்று குட்டிகளுடன் பிடிபட்டது. தாய் கொலராடோ மாநிலத்து விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது. குட்டிகள் வேறொரு மீட்பு நிலையத்துக்குப் பிரிக்கப்பட்டன, காட்டு வாழ்வுக்கு மீண்டும் பழக்கலாம் என்னும் நம்பிக்கையில். உயிர் தப்பியது நற்பேறே. ஆயினும் அத்தாய் தன் மலையை இழந்தது. குட்டிகள் தாயை இழந்தன. எத்தனையோ பேரின் மூடாத கதவுகளும் பூட்டாத குப்பைத் தொட்டிகளும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு அது.

இதில் கரடியின் குற்றம் யாது? பசித்தது, மணம் வந்தது, சென்றது. களவு என்னும் கருத்தே அதற்குக் கிடையாது. 'இது பிறர் பொருள்' என்று அறியும் அறிவு மனிதனுக்கே உரியது. எனவே காக்கும் கடமையும் மனிதனுக்கே உரியதாகிறது. அறிவுடையவன் கவனமின்மைக்கு அறிவில்லாத உயிர் தண்டனை பெறுவது எவ்வகை நீதிக்கும் ஒவ்வாது.

நம் மலைகளை நோக்கினால்

தமிழர்க்குக் கரடி அயலான விலங்கன்று. எண்கு என்றும் உளியம் என்றும் நம் பழந்தமிழ் அதனை வழங்கும். புற்றைக் கிளறிக் கறையான் தேடும் அதன் செயலையும், இருப்பைப் பூவை விரும்பி உண்ணும் அதன் இயல்பையும் சங்கப் புலவர்கள் நேரிற் கண்டவர்போல் பாடியுள்ளனர். அவர்கள் கண்ட கரடி தன் உணவைத் தானே தேடி உண்ட கரடி என்பது நோக்கத்தக்கது. இன்றோ நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அதே இனம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் எண்ணெயும் தின்பண்டமும் நாடிப் புகுவதை அடிக்கடி செய்திகளில் காண்கிறோம்.

நம் நாட்டுக் கரடி அமெரிக்கக் கருங்கரடியினின்றும் வேறான இனம். திடீரென எதிர்ப்பட்டால் தாக்கும் இயல்பு மிக்கது. எனவே அந்நாட்டு நெறிகள் யாவும் இங்கு அப்படியே பொருந்தும் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் அடிப்படை உண்மை ஒன்றே. மலைச்சாலையில் வண்டியை நிறுத்தி உண்டுவிட்டு எச்சிலிலையையும் மிஞ்சிய சோற்றையும் அங்கேயே எறிந்து வரும் சுற்றுலாப் பயணி, 1920களில் யோசெமிட்டியில் நிகழ்ந்த அதே பாடத்தைத் தம்மை அறியாமல் நடத்துகிறார்.

நிறைவாக

பிற உயிர்க்கு உணவளித்தல் அறம் என்று கேட்டு வளர்ந்தவர் நாம். வாசலில் வந்த பசுவுக்கும் காக்கைக்கும் பூனைக்கும் ஒரு பிடி இடுதல் நம் வீடுகளின் வழக்கம். அவ்வழக்கத்தில் ஊறிய உள்ளம், கரடிக்குக் கதவைச் சாத்துவதை இரக்கமின்மை எனக் கருதலாம். ஆனால் அறம் என்பது கொடுப்பதில் மட்டும் அடங்குவதன்று; கொடுப்பதன் விளைவை எண்ணுவதிலும் அடங்கும். வீட்டுப் பூனைக்கு இட்ட பிடிச்சோறு அதை வாழவைக்கும். காட்டுக் கரடிக்குக் கிட்டிய அதே சோறு அதைக் கொல்லும்.

ஆதலின், மலைநடைக்குச் செல்வோர் தம் காரைப் பூட்டுமுன் ஒருமுறை உள்ளே நோக்குக. இருக்கையின் அடியையும், குழந்தையின் பையையும், மறந்துபோன மிட்டாய்த் தாளையும் தேடி எடுக்க. அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிடுக. அதற்கு ஐந்து நிமிடமே ஆகும். அன்றிரவு அவ்வழியே வரும் தாய்க்கரடி மோந்து பார்த்து, ஒன்றும் இல்லை எனக் கண்டு, தன் குட்டிகளை அழைத்துக்கொண்டு ஓக் மரங்களை நோக்கிச் செல்லும். அக்குட்டிகள் அன்று கற்பது காட்டின் பாடமாக அமைவதும் காரின் பாடமாக அமைவதும் நம் கையில் உள்ளன.